பொழப்பில் விழுந்த மண்

திண்டிவனத்தில் பி.ஏ. ஆங்கிலம் படித்த மூன்று வருஷத்தில் நான் வாய் திறந்து ஆங்கிலம் பேசியது மொத்தம் பத்து நிமிஷம் இருந்தாலே அதிகம். ஆனால் எழுதுவேன். மனப்பாடம் செய்வேன். கடைசி வருஷத்தில் ஒரு பேப்பரில் மரபுத்தொடர்களுக்குத் தனி மதிப்பெண் இருந்தது. அதற்காக ஒரு நோட்டு போட்டு வகை பிரித்து எழுதிவைத்திருந்தேன். சந்தோஷத்துக்கு இரண்டு பக்கம், கோபத்துக்கு ஒரு பக்கம், கஷ்டத்துக்கு மட்டும் ஏழு பக்கம். அந்த ஏழு பக்கமும் தலைகீழாகத் தெரியும். இன் ஹாட் வாட்டர் என்றால் வசமாக மாட்டிக்கொண்டான். ஹாண்ட் டு மௌத் என்றால் அன்றாடம் உழைத்தால்தான் சோறு. ராக் பாட்டம் என்றால் இதற்கு மேல் விழ இடமில்லை. ஒன்றைக்கூட யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்ல யாரும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் மாடுதான் என் பேச்சைக் கேட்கும்.

எங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே தள்ளி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற ஊர். 2004 டிசம்பரில் கடல் மேலேறி வந்தபோது எங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. மரக்காணம் பக்கமிருந்து ஜனங்கள் ஓடி வந்தபோதுதான் தெரியும். படிப்பு முடிந்து எட்டு மாதமாக வீட்டில் சும்மா இருந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. அப்பா இரண்டு வரன் பார்த்து வைத்திருந்தார். ஜனவரியில், நிவாரண வேலை செய்கிற ஒரு வெளிநாட்டு அமைப்புக்கு இங்கிலீஷ் தெரிந்த பெண் வேண்டுமாம் என்று யாரோ சொன்னதும், அப்பாவிடம் பாதி சொல்லி மீதியை விழுங்கிவிட்டு பஸ் ஏறினேன்.

அவர்களுடைய ஆபீஸ் பெரிய முதலியார்சாவடியில் ஒரு வாடகை வீடு. இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள்தான் அங்கே எல்லாம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். உயரம். வெயிலில் மூக்கு தோல் உரிந்து சிவந்திருந்தது. கையில் ஆம்பளை வாட்ச். நான் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். பேசுவீர்களா என்று கேட்டார். பேசுவேன் என்றேன். அடுத்த நாளே ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

வேலை இதுதான். டிரைவர் அண்ணன், மேடம், நான் மூன்று பேரும் ஒவ்வொரு குப்பமாகப் போவோம். மேடம் கேட்பார், நான் தமிழில் கேட்பேன், அவர்கள் சொல்வதை நான் ஆங்கிலத்தில் சொல்வேன், மேடம் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். எந்த ஊருக்கு என்ன தேவை என்று அந்த நோட்டைப் பார்த்துத்தான் பிறகு முடிவாகும். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதன் கனம் தெரியவில்லை.

முதல் வாரம் ஒரு மீனவர் குப்பத்தில், கவிழ்ந்து கிடந்த படகுமேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டோம்.

"போட்டு போச்சும்மா. வலை போச்சு. என் தம்பி போய்ட்டான்," என்றார்.

நான் மேடம் பக்கம் திரும்பி, "ஹி இஸ் இன் டீப் வாட்டர், மேடம்," என்றேன். ஆழமான தண்ணீரில் இருக்கிறார், அதாவது பெரிய சிக்கலில் இருக்கிறார். என் நோட்டில் கஷ்டப் பக்கத்தில் முதல் வரி அது. எட்டு மாதம் மாட்டிடம்கூடச் சொல்லாததை வெள்ளைக்காரியிடமே சொல்லிவிட்ட சந்தோஷம் எனக்கு.

மேடத்தின் பேனா நின்றது. கடலைப் பார்த்தார். படகுமேல் இருந்தவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைத் தனியே ரெண்டடி தள்ளிக் கூட்டிப் போய், அந்தத் தொடரை இங்கே சொல்ல வேண்டாம், அவர் சொன்னதை மட்டும் சொல்லு, போதும் என்றார். கோபமில்லை. ஆனால் காது வரைக்கும் எனக்குச் சூடேறிவிட்டது.

அவர் சொன்னதை நான் கேட்டேன். ஆனால் வேறு மாதிரி கேட்டுக்கொண்டேன். வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்து, தண்ணீர் சம்பந்தப்பட்ட தொடர்களையெல்லாம் பென்சிலால் அடித்தேன். ஆழத் தண்ணீர், வெந்நீர், மூழ்காமல் தலையை வைத்திருப்பது, எல்லாம் போயிற்று. மீதி பத்திரமாக இருந்தது. டையர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்று ஒன்று. மிக மோசமான நெருக்கடி என்று அர்த்தம் எழுதியிருந்தேன். ஸ்ட்ரெய்ட்ஸ் என்பது இரண்டு நிலத்துக்கு நடுவே இடுங்கிப் போகிற கடல் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் அடித்திருப்பேன்.

பிப்ரவரியில் உப்பளப் பக்கம் போனோம். மீனவர் குப்பங்களுக்கு நிறைய பேர் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். உப்பளத் தொழிலாளிகள் இருந்த ஊர்களுக்கு அவ்வளவாக யாரும் போகவில்லை. அங்கே உயிர்ச் சேதம் இல்லை, படகு கிடையாது, டிவியில் காட்ட ஒன்றுமில்லை. நாங்கள் போன ஊரில் முப்பது நாற்பது வீடு இருக்கும். சின்னச் சின்னதாக உப்புப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்துப் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலை செய்கிறவர்கள். வேப்பமரத்தடியில் பெண்கள் கூடி உட்கார்ந்தார்கள். அவர்களுக்காகப் பேசியது நாற்பது நாற்பத்தைந்து வயசுள்ள ஒரு அக்கா. கறுத்து மெலிந்த உடம்பு, குதிகாலெல்லாம் உப்பு அரித்து வெடித்த கோடுகள். கணீரென்ற குரல்.

அன்றைக்கு அது மூன்றாவது ஊர். மதியம் தாண்டிவிட்டது. டிரைவர் அண்ணன் ஜீப் நிழலில் படுத்துவிட்டார். மேடத்துக்கு ரெண்டு நாளாக வயிறு சரியில்லை, முகம் வெளுத்திருந்தது. எனக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

கடல் வந்ததில் உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"இன்னா ஆச்சின்னு சொல்றது? எங்க பொழப்புல மண்ணு வுழுந்துடுச்சு பொண்ணு. அத்த சொல்லு அந்தம்மாகிட்ட," என்றார் அக்கா.

"தே ஆர் இன் டையர் ஸ்ட்ரெய்ட்ஸ், மேடம்," என்றேன்.

மேடம் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ்ளோதானா?"

"அவ்ளோதாங்க்கா. இங்கிலீஷ்ல சின்னதா சொல்லிடலாம்."

"நான் சொன்னது மொத்தமும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேங்க்கா."

வேறு சிலதும் கேட்டோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது. பாத்தியைப் பார்க்க வருகிறீர்களா என்று ஒரு பெண் கேட்டாள். ஒரு மைல் நடக்க வேண்டும் என்றாள். மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு நாள் வருகிறோம் என்று நானே சொல்லிவிட்டேன். மேடத்திடம் கேட்கவில்லை. மொத்தம் இருபது நிமிஷம் இருந்திருப்போம்.

மார்ச் மாதம் ஒரு சாயங்காலம் மரக்காணத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். அந்த அக்கா ஒரு கூடையோடு ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வாய்க்காலும் பாத்தியும் தூர் வார்ற வேலைக்கு லிஸ்ட்டு வந்துச்சாமே. அஞ்சு ஊரு பேரு இருக்குது. எங்க ஊரு பேரு இல்ல," என்றார்.

அது எங்கள் அமைப்பு தரும் வேலைதான். மண்ணை எடுக்க வண்டியும் தருவார்கள், எடுக்கிற ஊர்க்காரர்களுக்குக் கூலியும் தருவார்கள். லிஸ்ட்டை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். ஐந்து ஊரின் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தபோதும் ஆறாவது ஊர் ஒன்று விட்டுப்போயிற்று என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"உங்க ஊருக்கு அது எதுக்குங்க்கா?" என்றேன்.

அவர் என் பக்கம் முழுசாகத் திரும்பினார். "எதுக்கா? பாத்தியில முழங்கால் ஒசரம் மண்ணு கெடக்குது. உன்கிட்ட சொன்னேனா இல்லியா?"

"மண்ணுன்னு..."

"பொழப்புல மண்ணு வுழுந்துடுச்சுன்னு சொன்னேனே. அந்தம்மாகிட்ட நீ இன்னா சொன்ன?"

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அவர் விடவில்லை.

"கேக்குறேன் இல்ல. நீ சொன்னத தமிழ்ல சொல்லு."

"ரொம்ப கஷ்டத்துல இருக்காங்கன்னு சொன்னேங்க்கா."

"கஷ்டத்துல இருக்கோம்னு சொன்னியா." அதையே இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். "கஷ்டம் ஊருக்கே இருக்குதே. அத்த போய் சொல்றதுக்கு ஒரு ஆளா?"

அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். எங்கள் ஊரில் நான் இறங்க மறந்து, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.

பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்று நாங்கள் எல்லாரும்தான் சொல்வோம். மழை பெய்யாவிட்டால் சொல்வோம், வேலை போனால் சொல்வோம். எங்கப்பா மாதத்துக்கு நாலு தடவை சொல்வார். அதை ஒரு பேச்சாகத்தான் என் காது எடுத்துக்கொண்டது. அந்த அக்கா கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். அவருடைய பிழைப்பு என்பது நாலு வரப்பு கட்டின பாத்தி. அதில் மண் விழுந்துவிட்டது. அவ்வளவு நேராகச் சொன்னதை நான் ஒரு ஆங்கில அலங்காரத்தில் போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. துணி துவைக்கப் போய்ப் பாதியில் எழுந்தேன். அம்மா என்னடி என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். ஊருக்குள் போக முகமில்லை. சாலையோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வரப்பு வழியாக நடந்தேன்.

தூரத்துப் பாத்திகளில் தண்ணீர் தேங்கி வெயிலில் பளபளத்தது. அங்கே சீசன் ஆரம்பித்து வெள்ளையாகக் குவியல் தெரிந்தது. இந்த ஊர்ப் பாத்திகளில் தண்ணீரே இல்லை. கறுப்பும் சாம்பலுமாக மண். வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. கிளிஞ்சல், முள், கிழிந்த வலைத் துண்டு, ஒற்றைச் செருப்பு. வரப்பு எது பாத்தி எது என்று பிரிக்க முடியவில்லை. உப்பு விளைய வேண்டுமானால் பாத்தியின் தரை மெழுகின மாதிரி இருக்க வேண்டும். அதற்காக வருஷா வருஷம் வாரக்கணக்கில் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அந்தத் தரை இந்த மண்ணுக்கு அடியில் எங்கோ இருந்தது. ஒரு மூலையில் மட்டும் யாரோ கூடையால் வாரி ஒரு கட்டில் அகலத்துக்குச் சுத்தம் செய்திருந்தார்கள். நான் ஒரு கால் வைத்துப் பார்த்தேன். மேல்பாளம் உடைந்து முழங்கால் வரை உள்ளே போயிற்று. இழுத்து எடுத்ததில் செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு எல்லாருக்கும் முன்னால் போனேன். பஸ்ஸில் வரும்போதே ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே வந்தேன். மேடம் வந்ததும் எதிரில் போய் நின்றேன். வாயைத் திறந்தால் நோட்டுதான் வருகிறது, பென்சிலால் அடித்ததும் சேர்த்து. நான் வெந்நீரில் இருக்கிறேன் என்றேன். என் காலை நானே சுட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். நிலைமை கையை மீறிப் போய்விட்டது என்றேன். மேடம் பயந்துவிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, உனக்கு உடம்பு சரியில்லையா, வீட்டில் யாராவது அடித்தார்களா, லீவு வேண்டுமா என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கஷ்டத்தைச் சொல்ல ஏழு பக்கம் தெரியும். ஒரு கஷ்டத்தைச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் எழுந்து நின்று, என் காலைக் காட்டினேன். முழங்காலுக்குக் கீழே இன்னும் கறுப்பு போகாமல் இருந்தது. "மட்," என்றேன். "சால்ட் பெட். சீ மட். திஸ் மச்." கையால் முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். "தட் உமன் டோல்ட் மீ. ஐ டிட் நாட் டெல் யூ."

அந்தச் சின்னச் சின்ன வார்த்தைகளை அவர் உடனே பிடித்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். தன் நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். வேப்பமரம், நாற்பது வீடு, குடிதண்ணீர் தூரம் என்றெல்லாம் எழுதியிருந்தார். அதன்கீழே, பொதுவான வறுமை என்று ஒரு வரி. மண் என்கிற வார்த்தை அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். அந்த லிஸ்ட் மேலே போய்விட்டது, வண்டிகள் ஒதுக்கியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார். பிறகு எனக்காக இல்லாமல் தனக்கே சொல்கிற மாதிரி, "ஐ ஆம் அட் த எண்ட் ஆஃப் மை டெதர்," என்றார்.

அது என் நோட்டில் இல்லை. டெதர் என்றால் என்ன என்று கேட்டேன். கேட்கிற நேரமா அது என்று இப்போது தோன்றுகிறது. மேடம் ஒரு பேப்பரை எடுத்து ஒரு குச்சி, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்றின் முனையில் ஒரு மாடு, சுற்றிலும் ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் இருக்கிற புல்லையெல்லாம் மாடு தின்றுவிட்டது. வெளியே புல் இருக்கிறது. கயிறு எட்டவில்லை. அவர் விளக்கி முடிக்கும் முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு மாட்டுக்கு முளைக்குச்சி அடிப்பது நான்தான். கயிறு இறுகிக் கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு அது நிற்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்த அம்மாவும் இந்த வீட்டில் மூன்று மாதமாக அப்படித்தான் நிற்கிறார் என்று அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மேஜைமேல் எவ்வளவு லிஸ்ட், எவ்வளவு ஊர் என்று பார்த்தேன்.

"நாளைக்குப் போகலாம்," என்றார் மேடம். பாத்திக்கு ஒரு மைல் நடக்க வேண்டும் என்றேன். "நான் நடக்கிறேன்," என்றார்.

மறுநாள் அந்த ஊருக்குப் போனபோது பெண்கள் யாரும் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. அக்கா மட்டும் வாசலில் நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "மண்ணக் காட்டுங்க்கா," என்றேன். அவர் முன்னால் நடந்தார்.

பாத்தியில் மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். ஒரு குச்சியால் நாலு இடத்தில் ஆழம் பார்த்து எழுதிக்கொண்டார். மேடம் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அக்கா பதில் சொன்னார். இந்தத் தடவை நான் ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டேன். இலக்கணம் நொண்டியது. பரவாயில்லை. நான் ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"இப்ப இன்னா சொன்ன? தமிழ்ல சொல்லு."

சொன்னேன். மண் நாலு மாசமா கிடக்குது, கூடையால வாரினா ஒரு பாத்திக்கு ஒரு மாசம் ஆவும், அதுக்குள்ள வெயில் போயிடும்னு சொன்னேங்க்கா.

"நாலு மாசம் இல்ல. மூணு. திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். அப்படியே ஒவ்வொரு பதிலுக்கும் நடந்தது. மேடம் என்ன நடக்கிறது என்று கேட்டார். சோதித்துப் பார்க்கிறார் என்றேன். மேடம் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். நல்லது என்றார். அதையும் மொழிபெயர்க்கச் சொன்னார் அக்கா.

அந்த லிஸ்ட் மாறவில்லை. மேடம் இரண்டு தடவை கடிதம் எழுதினார், ஒரு தடவை சென்னைக்கே போய் வந்தார். அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்றார்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் மற்ற ஊர்க்காரர்கள் உப்பு வாரிக் குவித்ததைப் பார்த்துக்கொண்டு இவர்கள் கூடையால் மண்ணை வாரினார்கள். சிலர் சித்தாள் வேலைக்குப் புதுச்சேரி போனார்கள். எனக்கு அந்த மூன்று மாதமும் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. போகிற ஊரிலெல்லாம், முதலில் பார்ப்போம், பிறகு கேட்போம் என்று மேடத்தை இழுத்துக்கொண்டு நடந்தேன். சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்கிற பழக்கத்தையும் விடவில்லை. நேரம் இரண்டு மடங்கு ஆயிற்று. டிரைவர் அண்ணன் ஒருநாள், "ஏம்மா, நீ இன்னா கோர்ட்டா நடத்துற?" என்று கேட்டார்.

ஜூலைக் கடைசியில் அந்த ஊருக்கு வண்டி வந்தது. மூன்று வாரத்தில் மண் போயிற்று. தரை மிதித்து முடிப்பதற்குள் மழைக்காலம். அந்த வருஷ மழை அசாத்தியமாகக் கொட்டி உப்பங்கழி நிறைந்து பாத்திகள் மறுபடி தண்ணீருக்குள் போயின. ஆனால் அது மழைத் தண்ணீர், வடிந்துவிட்டது. அவர்கள் இழந்தது ஒரு முழு சீசன். அதில் பாதியாவது என் கணக்கில் சேரும் என்று நான் நினைக்கிறேன். அக்காவிடம் ஒருநாள் அப்படிச் சொன்னேன். இல்லை என்று அவர் சொல்லவில்லை.

மேடம் அந்த டிசம்பரில் ஊருக்குத் திரும்பினார். வேலையும் எனக்கு அதோடு முடிந்தது. மரக்காணத்தில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் சேர்ந்தேன். வரன் பேச்சு மறுபடி ஆரம்பித்திருந்தது. 2006 ஏப்ரலில் ஒருநாள் பள்ளி விடுகிற நேரம் கேட்டுக்கு வெளியே அந்த அக்கா நின்றிருந்தார். ஒரு கண்ணை முந்தானையால் மூடியிருந்தார்.

"பாண்டி ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு வரச் சொல்லியிருக்கான். அங்க புது டாக்டரு தமிழ் பேசமாட்டேங்குறாரு. நீ வர்றியா?"

"வேற யாராவது..."

"உன்னத்தான் கேக்குறேன்," என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வடக்கிலிருந்து வந்த இளம் டாக்டர், பொறுமையானவர். விளக்கடித்து இரண்டு கண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம், ரொம்ப ஆழமாகப் போய்விட்டது என்கிற மாதிரி ஒரு ஆங்கிலத் தொடரைச் சொன்னார். இது மேடேறுகிற போராட்டம் என்றார். இன்னும் காட்டைத் தாண்டவில்லை என்றார். எல்லாம் எனக்குத் தெரிந்த தொடர்கள்தான். கண்ணுக்கு என்ன என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் டாக்டரிடம், மன்னிக்கணும் சார், எனக்கு எளிய வார்த்தையில் சொல்லுங்கள், இடது கண் தெரியுமா தெரியாதா, வலது கண் தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் ஆச்சரியத்தோடு பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார். இடது கண்ணில் பழைய புண் ஆறித் தழும்பாகிவிட்டது, அதில் பார்வை வராது. வலது கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது, சின்ன ஆபரேஷனில் எடுத்துவிடலாம். ஆனால் வெயிலும் உப்பின் வெளிச்சமும் பட்டால் திரும்ப வளரும்.

"இடது கண்ணு வராதுங்க்கா," என்றேன். "வலது கண்ணக் காப்பாத்திடலாமாம். ஆபரேஷன் பண்ணிக்கணும். உப்புல நிக்கக்கூடாதாம்."

அக்கா இடது கண்ணைக் கையால் மூடித் திறந்தார். மறுபடி மூடினார்.

"நிக்காம எப்படி? கறுப்புக் கண்ணாடி போட்டா ஆவுமான்னு கேளு," என்றார்.

கேட்டேன். டாக்டர் யோசித்தார். போடலாம், பக்கவாட்டிலும் மறைக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஆனாலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அதையும் அப்படியே சொன்னேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்பது உட்பட.

"சரி," என்றார். டாக்டர் நீட்டின சீட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஆபரேஷனுக்குத் தேதி கேட்கச் சொன்னார். அந்த மாசக் கடைசியில் ஒரு தேதி கொடுத்தார்கள். நாங்கள் வெளியே வந்து, மருந்துக்கடைப் பக்கத்தில் இருந்த நடைபாதைக் கடையில் கண்ணாடி பார்த்தோம். பத்துப் பதினைந்து போட்டுப் பார்த்திருப்பார். கடைக்காரர் சலித்துக்கொண்டார். கடைசியில் காதோரம் வரைக்கும் மறைக்கிற மாதிரி ஒன்று கிடைத்தது. ஆண்கள் போடுகிறது, ரொம்பப் பெரிசு. அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தார். திண்டிவனம் பஸ்ஸா மரக்காணம் பஸ்ஸா என்று போர்டைப் படிக்கச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். மரக்காணம் என்று படித்தேன். ஏறி உட்கார்ந்தோம்.